வாசலில் காருக்குப் பெயின்ட்: முதல், கரு, உரி நோக்கில் ஓர் ஆய்வு

பழைய மாருதி 800-ஐ ஒர்க்‌ஷாப்பில் விடாமல் வீட்டு வாசலிலேயே நிறுத்தி, பழைய லுங்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு, தானே பெயின்ட் அடிக்கும் வழக்கம் தமிழகத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. இருந்தும் அதற்கு இதுவரை இலக்கணம் வகுக்கப்படவில்லை. லாரிக்குப் பாடி கட்டிப் பிரஷால் பூவும் கிளியும் எழுத நாமக்கல் இருக்கிறது. வாசலில் தனியாக நிற்கும் குடும்பத் தலைவருக்கு வழிகாட்ட ஒரு சூத்திரம்கூட இல்லை. அக்குறையை நீக்கும் பொருட்டே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வின் கருதுகோள் ஒன்றே. காருக்குப் பெயின்ட் அடிப்பதில் பெயின்ட் அடிப்பது மிகச் சிறிய பகுதி. மீதி எல்லாம் தேய்ப்பது.

ஆய்வெல்லைக்குள் 1983 டிசம்பர் முதல் 2014 தொடக்கம் வரை வெளிவந்த மாருதி 800, அதே 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசிடர், அவற்றின் வயதொத்த பிற கார்கள் அடங்கும். மெட்டாலிக் நிறங்கள் விலக்கப்பட்டன. அவற்றில் கலந்த அலுமினியத் துகள் ஒரே சீராகப் படிந்தால்தான் நிறம் ஒன்றாகத் தெரியும். பிரஷும் ரோலரும் அதைத் திட்டுத் திட்டாகப் படியவைக்கும். கதவு ஒரு நிறம், ஃபெண்டர் ஒரு நிறம் என்றாகிவிடும்.

முன்னோர் முடிபுகளை முதலில் நோக்குவோம். பிரஷால் காருக்கு அடிப்பதா என்று முகம் சுளிப்போர் வரலாறு அறியாதவர். கார் தோன்றிய காலத்தில் குதிரை வண்டிக்கு அடித்ததுபோல எண்ணெய் வார்னிஷைப் பிரஷால்தான் அடித்தார்கள். ஒரு கோட் காய்ந்து, தேய்த்து, மறு கோட் அடித்து ஒரு வண்டி வெளியே வர வாரக்கணக்கில் ஆயிற்று. ஃபோர்டு நிறுவனம் மாடல் டி காரை 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே விற்றது. சீக்கிரம் உலரும் லேக்கர் பின்னர் வந்தது. டூபான்ட் நிறுவனத்தின் டூக்கோ என்னும் அந்த நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு, ஜெனரல் மோட்டார்ஸின் 1924-ஆம் ஆண்டு ஓக்லாந்து கார்களில் நீல நிறமாக ஏறியது. நம்மூரில் மர பீரோவுக்கும் கட்டிலுக்கும் இன்றும் ‘டூக்கோ ஃபினிஷ்’ கேட்கிறார்கள். கேட்பவர்கள் தாம் ஓக்லாந்து காரின் வாரிசுகள் என்பதை அறியார். கைவேலை இன்றும் அழியவில்லை. ரோல்ஸ் ராய்ஸ் காரின் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோடு இப்போதும் அணில் முடித் தூரிகையால் கையில் இழுக்கப்படுவதே. வாசலில் பிரஷோடு நிற்பவர் இழிவழக்கினர் அல்லர், மரபினர் என்க.

இனி முதற்பொருள். நிலம், போர்டிகோ உள்ளவர்க்குப் போர்டிகோ, இல்லாதவர்க்குத் தெரு. பெரும்பொழுது மாசியும் பங்குனியும். கார் என்னும் பெரும்பொழுது காருக்கு ஆகாது. லேக்கரில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகரம் குளிரும். ஈரக்காற்று அதன்மேல் நீராகப் படியும். கறுப்பு பானெட் வெண்மை பூத்துச் சாம்பலாகும். சித்திரை வெயிலில் இதற்கு நேர்மாறு: பெயின்ட் பரவிச் சமமாவதற்குள் காய்ந்து, பிரஷ் போன வழி எல்லாம் உழவுச்சால் போலக் கிடக்கும். ஆடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அம்மியையே பறக்கவிடும் காற்று தெரு மணலை மட்டும் விட்டுவைக்குமா? சிறுபொழுது, பனி உலர்ந்தபின் உச்சிக்கு முன். மாலை விலக்கு, விளக்கைப் போட்டால் பூச்சிகள் வந்து பிசுபிசுப்பில் குடியேறி, காய்ந்தபின் அம்பர் கல்லுக்குள் கிடைக்கும் தொல்லுயிர்போல் நிலைபெறும்.

கருப்பொருள்களில் மரம் முருங்கை. பூவும் கம்பளிப்பூச்சியும் உதிர்ப்பது. புள் காகம், அதன் எச்சத்தை உடனே துடைக்காவிட்டால் பெயின்ட்டை அரிக்கும். விலங்கு பூனை, பானெட்டில் நான்கு பாதத் தடங்களை எழுதிச் செல்வது. பறை வாடகைக் கம்ப்ரஸர். ஆனால் நம் ஆய்வு சிக்கனம் பற்றியதாதலால் அது பெரும்பாலும் ஒலிப்பதில்லை. உணவு டீ.

செய்முறைக்கு வருவோம். முதல் வினை கழுவுதல். டாஷ்போர்டு பாலிஷில் உள்ள சிலிக்கோனும், தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் பட்ட கையும் தகரத்தில் விட்டுச்செல்லும் பசை பெயின்ட்டை ஒதுக்கித் தள்ளும். அவ்விடத்தில் மீன் கண்போல் வட்டக் குழிகள் விழும். ஆகவே எண்ணெய் வைத்த நாளில் பெயின்ட் அடித்தல் புலமையுடையார் செயல் அன்று.

அடுத்தது தேய்த்தல். இங்குதான் ஆய்வாளர் தொல்லியலாளராக மாறுகிறார். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து ஓரிடத்தில் விடாமல் தேய்த்தால் அடுக்கடுக்காக வரலாறு வெளிப்படும்: மேலே இப்போதைய வெள்ளை, அதன்கீழ் முந்தைய உரிமையாளரின் சிவப்பு, அதற்கும் கீழ் கம்பெனி நிறம். கம்பெனி பூச்சு முழுவதும் சேர்ந்தே பொதுவாக 100 மைக்ரான் அளவுதான், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. சில இடங்களில் பட்டி அடுக்கு மட்டும் விரல் கனத்துக்கு வரும். முன்னோர் ஒருவர் கார் இடித்ததை மறைத்த இடம் அது. பிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை வைத்துப் பார்த்தால் அங்கே மட்டும் ஒட்டாது. கார் வாங்கும்போதே இதைச் செய்திருக்கலாமே என்ற வினா இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

உப்புத்தாளின் எண் முறை புதியோரை மயக்கும். 80 முரடு, 2000 பட்டு. எண் ஏற ஏற மென்மை ஏறும். துருவுக்கு 80-இல் தொடங்கி, பட்டிக்கு 220, பிரைமருக்கு 400, பெயின்ட்டுக்கு 800-க்கு மேல் எனப் படிப்படியாக ஏற வேண்டும். சோம்பலால் ஒரு படியைத் தாண்டியவரின் கீறல்கள் கடைசிக் கோட் காய்ந்தபிறகே எழுந்து நிற்கும். துருவைத் தகரம் பளபளக்கும்வரை எடுத்து ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்காமல் மேலே பூசினால், அது பூச்சின் அடியில் குடித்தனத்தைத் தொடர்ந்து, அடுத்த மழைக்குக் கொப்பளமாக வெளிவரும். பட்டிக்கு ஹார்டனர் நூற்றுக்கு இரண்டு பங்கு போதும். கூடப் போட்டால் சீக்கிரம் முடியும் என்று நினைப்பவரின் கரண்டியிலேயே அது கல்லாகிவிடும்.

பூச்சைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கும் சிந்தெடிக் எனாமலே போதும் என்பது ஒரு சாரார் மதம். ஸ்பாஞ்ச் ரோலரில் டர்பன்டைன் கலந்து மெல்லிய கோட்களாக அடித்து, இடையிடையே நீர்விட்டுத் தேய்த்தால், இரண்டு லிட்டரில் ஏறக்குறைய ஒரு சின்னக் காரை மூடிவிடலாம். இம்மதம் எமக்கும் உடன்பாடே. நிபந்தனை ஒன்றுண்டு: எனாமலின் மேல் தின்னர் கலந்த லேக்கர் படக்கூடாது. பட்டால் அடிப்பூச்சு சுருங்கி, ஆறிய பால் ஏட்டைப்போல் எழும்பும். ஹார்டனர் கலக்கும் பி.யூ. பெயின்ட்டின் பளபளப்பில் மயங்கி அதை வாசலில் ஸ்ப்ரே செய்வோர்க்கு ஒரு சொல்: அதன் ஐசோசயனேட் புகை நுரையீரலைக் கெடுக்கும், மூக்கில் கட்டிய கைக்குட்டை அதைத் தடுக்காது. இந்த இடத்தில் மட்டும் கட்டுரையாளர் விளையாடவில்லை.

எண்வகை மெய்ப்பாடுகளும் இவ்வேலையில் வரும். பெருமிதம் முதல் கோட்டில். இளிவரல் பெயின்ட் ஒழுகிக் கதவில் கண்ணீர்க் கோடு விழும்போது. மற்றவை வாசகர் ஊகத்துக்கு. கண்டோர் கூற்று தெருவுக்குத் தெரு மாறாதது: “என்ன சார், நீங்களே அடிக்கிறீங்களா? எங்க மச்சான்கிட்ட சொல்லியிருந்தா ரெண்டு நாள்ல முடிச்சிருப்பாரே.” அந்த மச்சான் கடைசிவரை வருவதில்லை. உரிப்பொருள் ஊடலும் ஊடல் நிமித்தமும். தலைவி கூற்று சுருக்கமானது: “ஏங்க, அந்தக் கிண்ணம் சமையலுக்கு வெச்சிருந்தது.” ஈரம் காயாத பானெட்டில் சந்தனப் பொட்டு வைப்பவர் தலைவனின் தாய். பாட ஆய்வில் இதை இடைச்செருகல் என்பர். ஆனால் எந்தப் பதிப்பாசிரியரும் நீக்கத் துணிந்ததில்லை.

சிக்கனம் உண்மையா என்றால், பெயின்ட், பேப்பர், பிரைமர் விலையில் உண்மை. தேய்த்த ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கூலி போட்டால் பொய். ஆனால் கணக்கில் ஞாயிற்றுக்கிழமையைச் சேர்த்துக்கொண்ட தலைவன் எந்த ஊரிலும் இல்லை. தமக்குத் தாமே கொடுக்க வேண்டிய கூலியை அனைவரும் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். அதனால்தான் இந்த வழக்கம் அழியாமல் இருக்கிறது என்பது எம் துணிபு.

சட்டமும் கொஞ்சம் உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் நிறம் எழுதியிருப்பதால், மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும். 1989-இன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆம் விதிப்படி, ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கே உரியது. கேட்டுக்கு அடித்த மிச்சம் அந்த நிறமானால் அதைக் கேட்டோடு நிறுத்திக்கொள்க.

இறுதியாகத் தெருவில் நடந்துபோவோர்க்கு ஒரு விண்ணப்பம். எனாமல் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர மணிக்கணக்காகும், கெட்டியாக நாட்கணக்காகும். ஆகவே வாசலில் பளபளவென்று ஒரு பழைய கார் நின்றால், அருள்கூர்ந்து “காஞ்சிடுச்சா சார்?” என்று வாயால் கேளுங்கள், விரலால் கேட்காதீர்கள்.