ஜாம் போத்தலும் அரசாங்கப் போத்தலும்

ஒன்ராறியோ சுற்றுச்சூழல் அமைச்சின் மேன்மை தங்கிய அதிகாரிகள் சமூகத்துக்கு,

மோர்னிங்சைட் பூங்காவை ஊடறுத்து ஓடும் ஹைலண்ட் கிறீக்கின் அயலில் குடியிருக்கும் அடியேன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. நான் நலம். ஓடையின் நலம் அறியவே இக்கடிதம்.

பனி உருகும் நாட்களில், குளிர்காலம் முழுக்கத் தெருவில் கொட்டிய உப்பு ஓடைக்கு வந்து சேருகிறது என்பது தாங்கள் அறியாததல்ல. அதை அளக்க விரல் நீளத்தில் ஒரு சோதனைத் தாள் விற்கிறார்கள். ஓடைத் தண்ணீரைக் கோப்பையில் எடுத்துத் தாளை நிறுத்தி வைத்தால், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மெல்ல மேலேறும். அது நின்ற எண்ணைப் புட்டியில் ஒட்டியிருக்கும் அட்டவணையோடு ஒப்பிட்டால் குளோரைட்டின் அளவு தெரிந்துவிடும். நீர்வாழ் உயிர்கள் நெடுநாள் தாங்கக்கூடியது லீற்றருக்கு 120 மில்லிகிராம் என்பது கனடாவின் வழிகாட்டி அளவு. தாளைப் பிடித்தவர் என்ன படித்தவர், அவருடைய ஆங்கிலம் எப்படி என்றெல்லாம் தாள் விசாரிப்பதில்லை. பெரிய குறைதான்.

ஊரார் அள்ளிய தண்ணீர் வழக்குக்கு உதவாது என்று சொல்பவர்கள் உண்டு. பயிற்சி இல்லை, போத்தல் கழுவியதோ தெரியாது, அதற்கு மேல் உள்நோக்கம் வேறு. நியாயம். உள்நோக்கத்தோடு அள்ளினால் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகவே கரிக்கும்போலும். அரசாங்கப் போத்தலில் இந்தத் தொல்லை கிடையாது. அள்ளாத தண்ணீரில் பிழை பிடிக்க யாரால் முடியும்?

ஆனால் இதே மாகாணத்துக் கிங்ஸ்ரன் நகரின் கதையைப் படித்ததிலிருந்து குழப்பமாக இருக்கிறது. அங்கே கற்றராக்வி ஆற்றோரச் சதுப்பில் 1950களிலிருந்து நகரசபை குப்பை கொட்டியது. 1970களில் அதை மூடி, மேலே புல் வளர்த்துக் கோல்ஃப் விளையாடவும் விட்டது. கோல்ஃப் பந்து மேலே ஓட, குப்பைச் சாறு கீழே ஆற்றுக்குள் கசிந்தது. 1990களில் ஜனெற் ஃபிளெச்சர் என்ற பெண்மணி அந்தக் கசிவை மாதிரி எடுத்து, மீன்வளச் சட்டத்தின்கீழ் தனியாளாக நகரசபைமீது வழக்குத் தொடுத்தார். தங்கள் அமைச்சும் தன் பங்குக்கு வழக்குப் போட்டது. இரண்டையும் ஒரே நீதிமன்றம் கேட்டது.

இவ்வகை வழக்குகளில் முக்கிய சாட்சி ரெயின்போ ட்ரௌட் மீன். சந்தேகத்துக்குரிய நீரில் அதை 96 மணி நேரம் விட்டுப் பார்ப்பார்கள். பாதிக்கு மேல் செத்தால் அது கொல்லும் தண்ணீர். அந்த மீன் சத்தியப்பிரமாணம் செய்வதில்லை, குறுக்கு விசாரணைக்கும் வருவதில்லை. சாவதுதான் அதன் வாக்குமூலம். போத்தலை நிரப்பியவர் அமைச்சின் சம்பளப் பட்டியலில் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுச் சாகும் பழக்கம் இன்னும் அதற்கு வரவில்லை.

கிங்ஸ்ரன் நகரசபை குற்றவாளி என்று 1998இல் தீர்ப்பாகி, அது பிறகு மேல்முறையீட்டில் கவிழ்ந்து, வழக்கு ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம்வரை போனது. ஆறே கெட்டுப்போயிற்று என்று நிரூபிக்கத் தேவையில்லை, விட்ட பொருள் மீனுக்குக் கேடானதா என்று பார்த்தால் போதும் என்று 2004இல் அது சொல்லிவிட்டது. ஆறு பெரிது, எல்லாம் கரைந்துவிடும் என்று நம்பியிருந்தவர்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

ரெக்சஸ் மாநிலத்தில் நிலைமை இன்னும் மோசம். டயான் வில்சன் என்ற முன்னாள் இறால் மீனவப் பெண்ணும் தன்னார்வலர்களும் ஃபோர்மோசா ஆலை வெளியேற்றிய பிளாஸ்ரிக் மணிகளைப் பல ஆண்டுகள் பொறுக்கினார்கள். 2,400க்கு மேற்பட்ட மாதிரிகள். 2019இல் அவற்றை நம்பி, ஆலை விதியை மீறியது என்று நீதிபதி தீர்ப்பளித்தார். ஆலை 5 கோடி அமெரிக்க டொலரில் சமரசத்துக்கு வந்தது.

சொந்த ஊரில்? சுன்னாகம் மின்னிலையத்தின் அயற்கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை முதலில் கண்டது ஆய்வுகூடமல்ல, வாளி. ஆபத்தில்லை என்று சொல்ல நிபுணர் குழுவும் அமைந்தது. ஆனாலும் 2019இல் இலங்கை உயர் நீதிமன்றம் அந்த மின்னிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. வாளி வைத்திருந்த சனத்திடம் யாரும் பயிற்சிச் சான்றிதழ் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆகவே தங்களிடம் கேட்பது சிறிய உதவிதான். எந்தப் போத்தல் மரியாதைக்குரியது? ஜாம் போத்தலைக் கொதிநீரில் கழுவினால் அதன் சாதி மாறுமா? தேதி, நேரம், இடம் எழுதி, படம் எடுத்து, மூடியில் முத்திரை ஒட்டி, அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்துக்குப் போகும்வரை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஏட்டில் பதிந்தால், அது சாட்சியாகுமா, இல்லை இன்னும் என் அபிப்பிராயமாகவே இருக்குமா? தங்கள் ஆய்வாளர்களும் இதைத்தானே செய்கிறார்கள். எங்களிடம் இல்லாதது அவர்கள் போடும் மேற்சட்டை மட்டும். அதையும் மலிவு விற்பனையில் பார்த்து வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. ஒரு மீறலை விசாரிக்கச் சொல்லி 1993ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பிக்க ஒன்ராறியோவாசிகள் இருவர் வேண்டும். பக்கத்து வீட்டு மாமா கையெழுத்திடச் சம்மதித்துவிட்டார். ஆனால் கிங்ஸ்ரன் வழக்குக் காலத்து மீன்வள விதிப்படி, தனியாள் தொடுத்த வழக்கின் அபராதத்தில் பாதி வழக்காளிக்கே என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். விண்ணப்பத்துக்குச் சல்லிக்காசும் இல்லை, அது வேறு சட்டம் என்று சொல்லிப் பார்த்தேன். மனிதர் விடுகிறாரில்லை. அமைச்சின் கடிதத் தாளில் எழுதி வந்தால்தான் நம்புவாராம். அதையாவது அனுப்பி வையுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
மோர்னிங்சைட் வாசி