டியூனிங்கில் இருக்கிறது

எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் 1984 மாடல் புல்லட் ஒன்று நிற்கிறது. "ஓடுதா சார்?" என்று கேட்பவர்களிடம், "டியூனிங்ல இருக்கு" என்பேன். கோட்டையில் ஒரு ஃபைல் 'பரிசீலனையில் இருக்கிறது' என்றால் என்ன அர்த்தமோ, அதே அர்த்தம்தான். வாங்கிய நாளிலிருந்து இந்தப் பதிலை மாற்றவேண்டிய அவசியம் வரவில்லை.

வண்டியின் பூர்வீகத்தை யாராவது கேட்டுவிட்டால் எனக்குக் குஷி பிறந்துவிடும். இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊரில் பிறந்த ராயல் என்ஃபீல்டு, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்தது, முதலில் உதிரி பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன, பிறகு முழு வண்டியுமே திருவொற்றியூரில் தயாரானது, வெள்ளைக்காரன் தொழிற்சாலையை மூடிய பிறகும் நம்மூர்த் தொழிற்சாலை ஓடியது என்று மூச்சு விடாமல் சொல்வேன். ஒருமுறை இதை முழுவதுமாகக் கேட்ட என் மனைவி, "பொறந்த வீடு இவ்வளவு பக்கத்துலயா இருக்கு? ஒரு நல்ல நாள் பார்த்துக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுங்களேன்" என்றாள்.

என் காலை நேரத்தை எடுத்துக்கொள்வது டேப்பட், அதாவது வால்வைத் தள்ளும் பாகத்தின் இடைவெளி. இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போதுதான் அதைச் செட் செய்யவேண்டும் என்பது விதி. எங்கள் தெருவில் பால் பாக்கெட் போடும் பையனுக்கு முன்பே எழுந்து, இன்ஜினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி உட்கார்ந்துவிடுவேன். உள்ளே இரண்டு புஷ் ராடு. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் திருகினால் ராடு சுலபமாகச் சுற்றவேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான் சாஸ்திரம். சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, 'ஆஹா' என்று லாக் நட்டை முறுக்குவேன். முறுக்கும்போது அட்ஜஸ்டரும் கூடவே ஒரு மயிரிழை திரும்பிவிடும். ராடு இறுகிவிடும். மறுபடி தளர்த்து, மறுபடி திருகு. இதற்கு ஒரே நேரத்தில் ஸ்பேனர் பிடிக்க இரண்டு கை, ராடைச் சுற்றிப் பார்க்க ஒரு கை. மூன்றாவது கைக்காக மகனை எழுப்பிய நாளிலிருந்து அவன் கதவைத் தாழிட்டுக்கொண்டு தூங்குகிறான். நட்டுகளெல்லாம் அந்தக் காலத்து இங்கிலீஷ் இன்ச் கணக்கு. வீட்டிலிருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் எதுவும் சரியாக உட்காராது. நட்டின் முனையை மழுக்க மட்டும் தாராளமாகப் போதும்.

அடுத்தது டைமிங். பிஸ்டன் உச்சிக்கு வர இன்னும் 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது, பிளக்கில் பொறி கிளப்பும் பாயிண்ட் வாய் திறக்கவேண்டும். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை விட்டுப் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். பாயிண்ட் திறக்கும் கணம் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு சிகரெட் பேப்பர் வேண்டும். பாயிண்டின் இடுக்கில் பேப்பரைக் கவ்வவைத்து, மெல்ல இழுத்துக்கொண்டே இன்ஜினைச் சுற்றினால், எந்த இடத்தில் பேப்பர் நழுவுகிறதோ அதுதான் இடம். ஆயுளில் புகை பிடிக்காத நான் ஒரு விடிகாலையில் பெட்டிக்கடை வாசலில் நின்று ஒற்றை சிகரெட் வாங்கினேன். தூளை உதறிவிட்டுப் பேப்பரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதை எதிர்வீட்டு மாமி பார்த்துவிட்டார். நான் வீடு சேர்வதற்குள் சேதி சேர்ந்திருந்தது. "சிகரெட்னாகூடப் பரவாயில்லை. தூளைக் கொட்டிட்டு உள்ள வேற எதையோ வைக்கப் போறாராம்!"

இத்தனைக்குப் பிறகும் டைமிங் கொஞ்சம் முந்திவிட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். பிந்திவிட்டால் இழுவை போய், இன்ஜின் சூடேறி, சைலன்ஸர் வெடிக்கும். முதல் வகையில் நான் நொண்டுவேன், இரண்டாவதில் தெரு நாய்கள் ஓடும். நாய்களின் அபிப்பிராயம் எனக்குத் தெரிந்ததால், பெரும்பாலும் முதல் வகைதான்.

கார்புரேட்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏர் ஸ்க்ரூவை முழுக்க உள்ளே திருகி, பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து காதை நம்பவேண்டும். பெட்ரோல் கலவை சரியா என்பதை பிளக்கின் பீங்கான் சொல்லும். கறுத்துக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு (மெக்கானிக் பாஷையில் 'லீன்'), காபி நிறமானால் உத்தமம். ஒரு நாள் பிளக்கை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "காபி கொஞ்சம் லீனா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அதன்பின் சில காலம் காபியை நானே கலந்து குடித்தேன்.

புல்லட் வைத்திருக்கும் நண்பர்கள் கூடினால் பேச்சு கடைசியில் ஐடிலிங்கில் வந்து நிற்கும். 'டுப்... டுப்' என்று எண்ணக்கூடிய வேகத்தில் யார் வண்டி அடிக்கிறது என்பதுதான் போட்டி. சிலிண்டரின் அகலம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் போய்வரும் தூரம் 90. அதோடு கனமான ஃப்ளைவீல். அதனால்தான் அவ்வளவு நிதானமாக அடிக்க முடிகிறது. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆயில் பம்பைச் சுற்றுவதும் அதே இன்ஜின்தான். பழைய வண்டிகளில் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் இருப்பது வெறும் உலோக வளையமான புஷ்; ஆயில் போய்ச் சேர்ந்தால்தான் அது பிழைக்கும். ஐடிலிங்கைக் குறைக்கக் குறைக்க ஆயிலும் குறையும். ஆக, பார்ப்பவர் மெய்மறக்கும் ஒவ்வொரு 'டுப்'புக்கும் உள்ளே புஷ் தேய்ந்துகொண்டிருக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்த தெரு புல்லட்காரர் வரும் சத்தம் கேட்டதும், கை தானாகப் போய் ஸ்க்ரூவைத் தளர்த்திவிடும். அவரும் அதையே செய்கிறார். இருவரும் சிரித்தபடி நின்று, அவரவர் புஷ்ஷைத் தேய்த்துக்கொள்கிறோம்.

திருட்டு பயம் மட்டும் இல்லை. சாவியைப் போட்டு, ஆம்ப்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை அழுத்தி, டிகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் துளி நகர்த்தி, விட்டு, பிறகு முழு உதை உதைக்கவேண்டும். இவ்வளவு பொறுமையுள்ள திருடன் உத்தியோகத்துக்கே போயிருப்பான். அப்படியே கிளப்பினாலும் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். என் மச்சினன் ஒருமுறை, "மாமா, ஒரு ரவுண்டு" என்று எடுத்துப் போனான். தெருமுனையில் பிரேக் என்று நினைத்து வலது காலை அழுத்த, வண்டி அடுத்த கியருக்குப் போனது. கார்ப்பரேஷன் குப்பைத்தொட்டி நல்ல தரமானது என்று அன்று தெரிந்தது.

வாசலில் சொட்டும் ஆயிலைத் துடைக்கக் கிலோ கணக்கில் பனியன் வேஸ்ட் வாங்கி வைத்திருக்கிறேன். கேஸ்கட் மாற்றி, ஷெல்லாக் பூசி, எல்லாம் செய்தாகிவிட்டது. கறை போகவில்லை. இப்போது என் மனைவி அந்தக் கறையையே நடுப்புள்ளியாக வைத்துக் கோலம் போடுகிறாள். மார்கழியில் பார்க்க நன்றாகவே இருக்கிறது.

எல்லாம் கைமீறினால் புதுப்பேட்டை மெக்கானிக் பாயிடம்தான் போவேன். பாய் உதைப்பதில்லை, கேட்பதில்லை. சும்மா சுற்றி வந்து பார்ப்பார். "வண்டியில ஒண்ணும் இல்ல சார். ரெண்டு மாசம் நீங்க தொடாம இருந்தா தானா சரியாயிடும்." மனுஷன் மாமூலாகச் சொல்வதுதான். அவர் சரிசெய்து கொடுத்த வண்டி, உண்மையிலேயே முதல் உதையில் கிளம்பும். ஜி.எஸ்.டி. ரோட்டில் சீராக 60-ல் போகும்; சத்தத்தில் குறை இருக்காது. எனக்கோ கைக்கு வேலையில்லாமல் என்னவோபோல் ஆகிவிடும். மறுநாள் விடிவதற்குள் பக்கவாட்டு மூடியைக் கழற்றியிருப்பேன்.

பழைய புல்லட் வாங்கும் யோசனை உங்களுக்கு இருந்தால் தாராளமாக வாங்குங்கள். அதற்கு முன் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். தினமும் நடக்கவேண்டிய தூரம் அதுதான்.