ரெண்டாவது ஸ்டேஷன்ல ஒரு காலேஜு

வாடா பேராண்டி, பசியாறிட்டியா? கையில என்ன, கல்யாணப் பத்திரிகையா? ஓ, காலேஜு விளம்பரத் தாளா! வழவழன்னு நல்லாத்தான் அடிச்சிருக்கான். தாளு இவ்வளவு கனம்னா கட்டணம் எவ்வளவு கனமா இருக்கும்னு நெனைச்சிப் பாத்தியா?

விவசாய எஞ்சினியரிங் படிக்கப் போறியாம். உங்க அப்பன் காலுல சேறு படக்கூடாதுன்னுதான் நான் தோட்டத்த விட்டுட்டு சாலாக் செலாத்தானுக்கு வந்தேன். இப்ப நீ காசு கட்டிச் சேத்தப் படிக்கப் போறேங்குற. படி, படி. எங்க காலத்துல அது இலவசம்.

நல்ல காலேஜைக் கண்டுபிடிக்கறது ரொம்ப லேசு. வாசல்ல வளைவு எவ்வளவு ஒசரம்னு பாரு. லிப்ட்டு ஓடுதா, கேண்டீன்ல ஏர்கோன் இருக்கா, விளம்பரத்துல டை கட்டின பையன் சிரிக்கிறானா, இதெல்லாம் பாரு. பட்டறை எங்க இருக்குன்னு மட்டும் கேட்டுத் தொலைக்காத, பாவம், அவங்க மனசு சங்கடப்படும். அப்படியும் வாய் சும்மா இருக்காம கேட்டுட்டேன்னு வை, டிராக்டரக் காட்டுவாங்க. டயரப் பாரு. காஞ்ச சேறு ஒட்டியிருந்தா பிள்ளைங்க ஓட்டுறாங்க. பளபளன்னு இருந்தா அது படம் புடிக்க நிறுத்தி வெச்சது.

தூரத்துல இருக்கறதுதான் ஒசத்தின்னு உனக்கு எவன் சொன்னான்? இங்க கொமுட்டர் ஏறினா அடுத்தது பண்டார் தாசேக் செலாத்தான், அதுக்கு அடுத்தது செர்டாங். அங்கதான் 1931ல வெள்ளக்காரன் 22 ஏக்கர்ல ஒரு விவசாயப் பள்ளிக்கூடம் தொறந்தான். 1947ல அது காலேஜு ஆச்சு. 1971ல யூனிவர்சிட்டி பெர்த்தானியான் மலேசியா. 1997ல பெர்த்தானியான எடுத்துட்டு புத்ரான்னு வெச்சாங்க. வெவசாயம்னு பேருல இருந்தா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு நெனைச்சாங்களோ என்னமோ. ஆனா கெட்டிக்காரனுங்க, யூ.பி.எம்.ங்குற சுருக்கத்த மாத்தாமயே வேலைய முடிச்சிட்டாங்க.

பேரு போனாலும் செம்பனையும் மாடும் போகல. பக்கத்துலயே மார்டி ஆராய்ச்சிக் கழகம், 1969ல வந்தது. விவசாய, பயோசிஸ்டம் எஞ்சினியரிங்னு நாலு வருசப் படிப்பு யூ.பி.எம்.ல இருக்கு. அரசாங்கப் பல்கலைக்கழகம்ங்கறதால செலவுல பெரும்பங்கு அரசாங்கத்தோடது. 2023லேருந்து எம்.ஆர்.டி.யும் யூ.பி.எம்.முன்னு ஒரு ஸ்டேஷன் போட்டு ஓடுது. இவ்வளவு கிட்டத்துல இருக்கறதுதான் அதோட பெரிய குத்தம். வீட்டுல இருந்து போய்ப் படிச்சான்னு சொன்னா உங்க அத்தைக்கு கிள்ளான்ல மதிப்பு என்ன ஆவறது?

எங்க சேந்தாலும் ஒண்ணு பாத்துக்க. இந்த நாட்டுல எஞ்சினியர்னு பேருக்கு முன்னால போட்டுக்கறதுக்கு 1967ஆம் வருசத்துச் சட்டம் ஒண்ணு இருக்கு. எஞ்சினியர் வாரியம் ஏத்துக்கிட்ட பட்டமா இருக்கணும். வாரியத்தோட பட்டியல்ல அந்தப் படிப்பு இருக்கா, எந்த வருசத்துக்கு இருக்குன்னு உன் கண்ணால பாரு. கவுண்டர்ல உக்காந்திருக்கற பொண்ணு "ஆமா அங்கிள்"னு சிரிச்சது பட்டியல்ல சேராது. விவசாய அறிவியல்னு ஒரு பட்டம், எஞ்சினியரிங் தொழில்நுட்பம்னு இன்னொரு பட்டம், ரெண்டும் நல்ல படிப்புதான். ஆனா அதுங்களுக்கு வழி வேற, பதிவு வேற. நாலு வருசம் கழிச்சி என்கிட்ட வந்து அழுதா என் காது கேக்காது. இப்பவே பாதிதான் கேக்குது.

அப்புறம், உள்ள போற வழி. தனியார்ல பவுண்டேஷனுக்கு ஆயிரக்கணக்குல வெள்ளியக் கட்டினா மரியாதையா இருக்கும். ஆறாம் படிவத்துக்கு அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனா மறுபடியும் பள்ளிக்கூட வாசல மிதிக்கணும், அது ஒண்ணுதான் நஷ்டம். மூணு செமஸ்டர், எஸ்.டி.பி.எம். எழுதிட்டு யூ.பி.யூ.வுல மனுப் போடலாம். பிசிக்ஸும் கணக்கும் விட்டுடாத. எஸ்.பி.எம்.ல 10 ஏ எடுத்தவங்களுக்கு மெட்ரிகுலேஷன்ல இடம் உண்டுன்னு 2024ல அரசாங்கம் சொல்லிச்சு. உன் ரிசல்ட்ட நானும் பாத்தேன், அதனால அந்தப் பேச்ச விட்டுடுவோம்.

காசு பத்தலன்னா பி.டி.பி.டி.என். கடன் இருக்கு, வருசத்துக்கு ஒரு விழுக்காடு சேவைக் கட்டணம். இலவசப் பணம்னு நெனைச்சி மோட்டார் வாங்கிடாத.

கோயமுத்தூருக்குப் போறேன்னு உன் சிநேகிதன் குதிக்கிறான் இல்ல? அங்க 1972லேருந்து விவசாய எஞ்சினியரிங் காலேஜு நடக்குது, கொறை சொல்ல மாட்டேன். ஆனா வெளிநாட்டுப் பிள்ளைக்குக் கட்டணம் எவ்வளவுன்னு முதல்ல விசாரிக்கச் சொல்லு. அந்தப் பட்டத்த இங்க இருக்கற வாரியம் எடுத்துக்குமான்னு எழுத்துல வாங்கச் சொல்லு. பாட்டன் ஊருங்கறதுக்காக வாரியம் கண்ண மூடிக்காது.

படிச்சா வேலை இருக்கான்னு கேக்குற. கேளு, இது எனக்குத் தெரிஞ்ச சங்கதி. அந்தக் காலத்துல செம்பனைப் பூவுக்கு மகரந்தம் போடுறதுக்குன்னே பொம்பளைங்கள வெச்சிருந்தாங்க. மரம் மரமா போய்த் தூவணும். 1981ல கேமரூன் நாட்டுலேருந்து ஒரு வண்டக் கொண்டாந்து விட்டாங்க. இத்துனூண்டு வண்டு! அத்தனை பேரு வேலையவும் சம்பளம் கேக்காம, லீவு கேக்காம பாத்துக்குது. அது எந்தக் காலேஜுல படிச்சிச்சோ.

ஆனா குலை வெட்டுறதுக்கு எந்த வண்டும் வரல. நீளக் கழியில அருவாளக் கட்டி, அண்ணாந்து பாத்து இழுக்கணும். குலை தலையில விழாம ஒதுங்கணும். பாங்கி ஊர்ல இருக்கற செம்பனை வாரியத்துல மோட்டார் வெச்ச வெட்டுக் கழி ஒண்ணு செஞ்சாங்க, காந்தாஸ்னு பேரு. குட்ட மரத்துக்கு நல்லா வேலை செய்யும். நெட்ட மரத்துக்கு இன்னிக்கும் ஆளுதான். எங்களுக்கு அப்புறம் இந்தோனேசியாக்காரனும் வங்காளதேசத்துக்காரனும் அண்ணாந்து பாத்து, அவனுங்களுக்கும் கழுத்து வலி. என் கழுத்த வந்து தொட்டுப் பாரு. இதுக்கு ஒரு மெஷின் செய்யத் தெரிஞ்சவனுக்கு வேலை இல்லன்னா வேற எவனுக்குடா வேலை?

திங்கக்கிழமை செர்டாங்குக்குப் போ. பழைய சப்பாத்த மாட்டிக்க. மூணாம் வருசப் பிள்ளைங்களாப் பாத்துத் தொழில் பயிற்சிக்கு எங்க அனுப்பினாங்கன்னு கேளு. ஆபீசுல போட்டோகாப்பி எடுத்தோம்னு சொன்னா அதையும் கேட்டுக்கிட்டு வா.

உங்க அப்பன நான் பாத்துக்கறேன். "மறுபடியும் மண்ணுலயா?"ன்னுதான் குதிப்பான். ஏர்கோன் ரூம்புல உக்காந்து கம்பியூட்டர்ல டிராக்டர் வரையற படிப்புன்னு சொல்லி வைக்கிறேன். முழுப் பொய்யில்ல, முதல் ரெண்டு வருசத்துல அதுவும்தானே நடக்குது.