மூன்று பாட்டிலும் இரண்டு லிட்டரும்

குவாதலஹாரா,
மெக்சிகோ.

அன்புள்ள மச்சானுக்கு,

தீபாவளிக்கு ஊருக்கு வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லி அரை மணி நேரம் ஆகவில்லை, உங்கள் வாய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது. “மாப்ளே, மூணு டெக்கீலா. மெதுவா ருசிச்சுக் குடிக்க எனக்கு ஒண்ணு, கூட்டாளிங்களுக்குக் கலந்து கொடுக்க ஒண்ணு, எங்க மேனேஜருக்கு ஒண்ணு. எல்லாம் காஸ்ட்லியா இருக்கணும்.” பின்னால் குக்கர் விசில் கேட்டது. மொட்டை மாடிக்கு ஓடாமல் வீட்டுக்குள் நின்றே பேசியிருக்கிறீர்கள். உங்கள் துணிச்சலுக்கு என் வாழ்த்துகள்.

நீங்கள் கேட்ட இடம் சரியான இடம்தான். டெக்கீலா என்ற ஊரே இங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். வழியெல்லாம் நீலக் கற்றாழைத் தோட்டம். 2006-இல் யுனெஸ்கோ அந்த நிலப்பரப்பையே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டது. நம் ஊர் ரயில் பாதையோரம் நிற்குமே ஆனைக்கற்றாழை, அதற்கு இது பங்காளி. நாம் வேலிக்கு வைத்ததோடு விட்டுவிட்டோம். இவர்கள் ஆறேழு வருஷம் பொறுத்திருந்து வளர்க்கிறார்கள். ஹிமடோர் என்கிற வெட்டுக்காரர், நீளமான கம்பில் வட்டக் கத்தி செருகிய கருவியால் மடல்களை ஒவ்வொன்றாகச் சீவித் தள்ளுவார். கடைசியில் நடுவிலுள்ள குண்டு மட்டும் மிஞ்சும். அதுவே 30, 40 கிலோ சாதாரணமாக இருக்கும். அதைப் பிளந்து சூளையில் வேகவைக்கும்போது தெருவெங்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்ட வாசனை. வெந்த துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். நல்ல இனிப்பு. நார் மட்டும் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டு ராத்திரி வரை என்னோடு இருந்தது.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருவோம். காஸ்ட்லி என்பதை முதலில் மறந்துவிடுங்கள். பொண்ணு பார்க்கப் போகிற மாதிரி முகத்தைப் பார்க்காதீர்கள், ஜாதகத்தைப் பாருங்கள். அது லேபிளில் இருக்கிறது. “100% தே அகாவே” என்று போட்டிருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால், கற்றாழைச் சர்க்கரை 51 சதவீதம் இருந்தாலே சட்டத்துக்குப் போதும். மிச்சம் கரும்புச் சர்க்கரையாகவும் இருக்கலாம். மறுநாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது எந்தச் சர்க்கரை என்று யாரும் விசாரிப்பதில்லை. அடுத்து, நோம் என்ற எழுத்துகளோடு நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். எந்த ஆலையில் வடித்தது என்று அது சொல்லிவிடும். வேறு வேறு பெயர், வேறு வேறு விலை போட்ட பாட்டில்களில் ஒரே எண் இருப்பதைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

நிறத்தை நம்பாதீர்கள். கேரமல் நிறம், ஓக் மரச் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகியவற்றை எடையில் 1 சதவீதம் வரை லேபிளில் சொல்லாமலே சேர்க்கலாம் என்று சட்டம் விட்டுக்கொடுத்திருக்கிறது. தங்க நிறம் என்றால் வயது முதிர்ந்தது என்று அர்த்தமில்லை. தலைக்கு மை பூசிய நம் பெரிய மாமாவைப் பார்த்தும் நீங்கள் இதைப் புரிந்துகொள்ளவில்லையே!

இனி ருசிக்கு. மரப் பீப்பாயில் வைக்காதது அல்லது இரண்டு மாதத்துக்குள் எடுத்தது பிளாங்கோ. இரண்டு மாதமாவது ஓக் மரத்தில் கிடந்தது ரெபோசாதோ. ஒரு வருஷம் தாண்டினால் அன்யேஹோ, மூன்று வருஷம் தாண்டினால் எக்ஸ்ட்ரா அன்யேஹோ. வயது ஏற ஏற விலையும் ஏறும், மர வாசனையும் ஏறும், கற்றாழை வாசனை இறங்கும். நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் பிளாங்கோவைத் தவிர வேறெதையும் தொட மாட்டார். குறுகலான சின்னக் கிளாஸில் ஊற்றி, பக்கத்தில் ஆரஞ்சும் மிளகாயும் சேர்ந்த சங்கிரீத்தாவை வைத்துக்கொண்டு, இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய் என்று ஒரு மணி நேரம் உட்காருவார். உப்பை நக்கி, எலுமிச்சையைக் கடித்து, கண்ணை மூடி ஒரே மடக்காக இறக்குகிற டூரிஸ்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். டாஸ்மாக் பாரில் நீங்கள் குடிக்கிற வேகத்தை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. உங்களுக்கு விஸ்கி பழகிய நாக்கு என்பதால் ரெபோசாதோ வாங்குகிறேன். ஃபோர்த்தலேசா பிராண்ட் கிடைத்தால் பாக்கியம். எரிமலைக் கல் உருளையில் கற்றாழையை நசுக்கிச் செய்கிறார்கள்.

மேனேஜர் குடித்துப் பார்த்து ரசிக்கிற ஆளா, வாங்கி அலமாரியில் வைக்கிற ஆளா? ரசிப்பவர் என்றால் நல்ல அன்யேஹோ போதும். அலமாரி ஆள் என்றால் கிளாசே அசுல் மாதிரி கையால் ஓவியம் தீட்டிய பீங்கான் பாட்டில். சரக்கு தீர்ந்ததும் அவர் மனைவி அதில் மணி பிளான்ட் வைப்பார், உங்கள் பெயர் அந்த வீட்டில் பச்சைப் பசேலென்று நிற்கும். இன்க்ரிமென்ட் நேரத்தில் அது உதவும்.

கலப்பதற்கு மட்டும் விலை உயர்ந்தது வேண்டவே வேண்டாம். மூன்று வருஷம் பீப்பாயில் தவம் கிடந்ததைச் சோடாவில் கரைப்பது பாவம். எல் ஹிமடோர், தபத்தியோ போன்ற 100 சதவீத பிளாங்கோ போதும். இங்கே வீட்டுக்கு வீடு கலப்பது பலோமா. டெக்கீலா 50 மில்லி, அரை மூடி எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, மேலே கிரேப்ஃப்ரூட் சோடா. அங்கே அந்தச் சோடாவுக்கு அலைய வேண்டாம். பம்பளிமாஸ் உரித்துச் சாறு பிழிந்து, வெறும் சோடா சேர்த்தால் சரியாக இருக்கும். பாட்டிலுக்குள் புழு இருக்குமா என்று உங்கள் கூட்டாளி கேட்டாராமே, அது மெஸ்கால் என்ற வேறொரு கற்றாழைச் சரக்கின் சில பாட்டில்களில் போடுவது. டெக்கீலாவில் கிடையாது என்று சொல்லி அவரை ஆறுதல்படுத்துங்கள்.

இனிதான் சிக்கல். வரியில்லாமல் நம் நாட்டுக்குள் கொண்டுவர ஆளுக்கு 2 லிட்டர்தான் கணக்கு. மூன்று முழு பாட்டில் என்றால் 2,250 மில்லி. உங்களுடையதைக் குறைத்தால் நீங்கள் கோபிப்பீர்கள், மேனேஜருடையதைக் குறைத்தால் அவர் கோபிப்பார். ஆகவே கூட்டாளிகளுடையதைக் குறைத்து 375 மில்லி பாட்டிலாக வாங்குகிறேன். மொத்தம் 1,875. பலோமா என்றால் அது ஏழு கிளாஸ். பார்த்துக் கூப்பிடுங்கள். எட்டாவது ஆளாக யாராவது வந்து நின்றால் பம்பளிமாஸ் சாறும் சோடாவும் கொடுங்கள், கேட்டால் இது ஸ்பெஷல் பலோமா, போதை மெதுவாகத்தான் ஏறும் என்று சொல்லிவிடுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. அவருக்கு வாங்கிய சாக்லேட்டுக்கு லிட்டர் கணக்கு எதுவும் இல்லை என்று மறக்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை