பால் மறந்த பன்றிக்குட்டியின் சிறுபொழுதும் பெரும்பொழுதும்

டென்மார்க்கில் மனிதரைவிடப் பன்றிகள் அதிகம். குட்டியைத் தாயிடமிருந்து எப்போது பிரிக்கலாம் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு விதி எல்லை வகுத்திருக்கிறது: பொதுவாக 28 நாள், முழுக்கக் காலிசெய்து கழுவிய தனிக் கொட்டிலுக்கு மாற்றுவதானால் 21 நாள். திறந்தவெளியில் தாயோடு விட்டால் மூன்று நான்கு மாதம் பால் குடிக்கும் உயிர் அது. ஏறக்குறைய ஏழு கிலோ உடம்போடு புது இடத்துக்கு வரும் இக்குட்டி தன் பொழுதை எப்படி வகுத்துக்கொள்கிறது என்பது சிறிய ஆராய்ச்சியன்று.

சிறுபொழுது தாய்மடியில் தொடங்குகிறது. தாய்ப்பன்றி ஏறத்தாழ மணிக்கு ஒருமுறை உறுமி அழைக்கும். பால் சுரப்பதோ சுமார் 20 விநாடி. அப்போது காம்பைப் பற்றாத குட்டி அடுத்த அழைப்புவரை பட்டினி. எல்லாக் குட்டிகளும் ஒரே நேரத்தில் உண்பது இங்கே உயிர் பிழைக்கும் வழி. பிரித்த அன்று உறுமல் நின்றுபோகிறது. உணவுவேளையை அறிவிக்க யாருமில்லை. தொட்டி நிறையத் தீவனம் இருந்தும் சில குட்டிகள் ஒரு நாளுக்கு மேல் வாய் வைப்பதில்லை.

சில நாளில் ஒழுங்கு பிறக்கிறது. நாளின் ஐந்தில் நான்கு பங்கு படுக்கை. மீதிக்குள் காலையில் ஓர் எழுச்சி, பிற்பகலில் அதைவிடப் பெரிய எழுச்சி. இலை போட்டதும் கூடத்தில் இருப்பவர்கள் பந்திக்கு எழுவதுபோல, ஒன்று தொட்டிக்கு நடந்தால் மற்றவையும் எழுகின்றன. ஆகவே, பல குட்டிகளுக்கு ஒரே ஒரு வாய்க்கு மட்டும் இடம்விட்ட தொட்டியை என்னால் ஏற்க முடியவில்லை. வலியது பகலில் தின்ன, மெலிந்தது எல்லாம் உறங்கிய பின் தனியே வந்து தின்ன நேர்கிறது.

இனிப் பெரும்பொழுது. கோபன்ஹேகனில் டிசம்பர்ப் பகல் சுமார் 7 மணிநேரம், ஜூனில் பதினேழரை. மேற்சொன்ன விதியோ தினமும் குறைந்தது 8 மணிநேரம் 40 லக்ஸ் வெளிச்சம் கேட்கிறது. நடுக்குளிர்காலத்தில் சூரியனை மட்டும் நம்பினால் விதி நிறைவேறாது. கொட்டிலுக்கு விடியலைத் தருவது விளக்குதான். அதை நாள்தோறும் ஒரே நேரத்தில் போட வேண்டும்.

குளிரைச் சமாளிக்க உதவும் பழுப்புக் கொழுப்பு பன்றிக்கு இல்லை. வெக்கையைத் தணிக்கப் போதிய வியர்வையும் இல்லை. வந்த புதிதில் 28 முதல் 30 பாகை வெப்பம் வேண்டும். வாரம் செல்லச் செல்ல அதைக் குறைக்கலாம். டென்மார்க்கில் பல கொட்டில்களில் படுக்கும் பகுதிக்கு மட்டும் மூடாக்கு இட்டு, தரையைச் சூடாக்கி, எஞ்சிய பகுதியைக் குளிர்ச்சியாக விட்டிருக்கிறார்கள். தெரிவு குட்டியுடையது. நான் பார்த்த அமைப்புகளில் இதுவே நேர்மையானது. குளிர்ந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். புழுங்கினால் விலகி, பக்கவாட்டில் நீட்டிப் படுக்கும், ஈரமான சாணமூலையைக்கூட நாடும். கோடையில் பிற்பகல் எழுச்சி அந்திக்கும் வைகறைக்கும் நகர்ந்துவிடுகிறது. ஆளுயரத்தில் மாட்டிய வெப்பமானி தரையின் நிலையைச் சொல்லாது; படுத்திருக்கும் விதம் சொல்லும்.

எனவே பண்ணையாள் இருமுறை பார்க்க வேண்டும். உறங்கும் வேளையில் பார்த்தால் வெப்பம் சரியா என்பது தெரியும். எழுச்சி வேளையில் பார்த்தால், எல்லாம் தொட்டிக்குப் போன பின்னும் எழாமல் கிடக்கும் நோயுற்ற குட்டி கண்ணில் படும்.