கணுக்காலுக்கு வந்த மவுசு

படுத்தே இரும் மருமவனே, எந்திரிக்க வேண்டாம். உடன்குடித் தெருவுல ரெண்டு காலால நடந்து திரிஞ்சப்ப ஒரு பயலும் ஒம்மைத் திரும்பிப் பாக்கல. கணுக்கால்ல தகடும் ஆணியும் ஏறினதும் என்ன மவுசு! பரமன்குறிச்சிலேர்ந்து சீப்புப் பழம் வருது. குலசேகரன்பட்டினத்துச் சனம் வேன் பிடிச்சு வாராவ. பனையேறி விழுந்திருந்தாலாவது ஒரு மரியாதை உண்டு. நீரு செல்போனைப் பாத்துகிட்டே பைக்கை ஓட்டி, தேரி மணல்ல சறுக்கில்லா விழுந்தீரு!

விழுந்ததும் கூட்டாளி தோள்ல கையைப் போட்டு, டீக்கடை வரைக்கும் நொண்டிகிட்டே போனீராமே? லண்டன்ல பெர்சிவல் பாட்டுன்னு ஒரு டாக்டரு 1756-ல குதிரையிலேர்ந்து விழுந்து காலை ஒடச்சுக்கிட்டாரு. தன்னை யாரும் கண்டபடி தூக்க விடல. ஒரு கதவை விலைக்கு வாங்கச் சொல்லி, அதுல படுத்துத்தான் வீட்டுக்குப் போனாரு. கணுக்கால் முறிவுல ஒரு வகைக்கு இன்னைக்கும் அவரு பேருதான். ஒம்ம பேரை டீக்கடைப் பாக்கி நோட்டுல பாத்துக்கலாம்.

பழம் கொண்டு வாரவுக ஆளுக்கொரு வைத்தியமும் கொண்டு வாராவ. அதுதான் எனக்குக் கிலி. 'கட்டை அவுத்துட்டுத் தைலம் போட்டு உருவு'ங்காவ. டாக்டரு நேரா நிறுத்தி வச்ச எலும்பை உருவி விட்டா, தையல் வாயைப் பொளக்கும், உள்ள சீழ் பிடிக்கும். 'கருப்பட்டி தின்னா எலும்பு ஒட்டும்'ங்காவ. நம்மூருக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது வாஸ்தவம். அது எலும்பு ஒட்டுததுக்குக் குடுத்த சர்ட்டிபிகேட் இல்ல வேய்! சர்க்கரை நோய்க்காரனுக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான். ஆட்டுக்கால் சூப்பை ருசிக்குக் குடியும், சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகைத் தின்னும். 100 கிராம்ல 340 மில்லிகிராம் கிட்ட இருக்கு. நெத்திலியை முள்ளோட மெல்லும், முட்டையும் சேத்துக்கிடும். சிகரெட்டை மட்டும் விட்டுரும். அது எலும்பு கூடுததைத் தாமசமாக்கும்.

வீக்கத்துக்கு மருந்து வேணுமா? காலு நெஞ்சுக்கு மேல இருக்கணும். நீரு செல்போனை நெஞ்சுமேல வச்சு, காலைக் கட்டிலுக்குக் கீழ தொங்கப் போட்டிருக்கீரு. ரெண்டையும் இடம் மாத்தும்.

டி.வி. சீரியல்ல மிரட்டுத சுதா சந்திரனைத் தெரியுமில்லா? 1981-ல திருச்சி பக்கம் பஸ் விபத்து. கணுக்கால்ல பட்ட புண்ணு கட்டுக்குள்ள அழுகி, கடைசில காலையே எடுக்க வேண்டியதாப் போச்சு. ஜெய்ப்பூர்க் காலை மாட்டிகிட்டு 1984-ல மேடையேறி ஆடினாவ. அந்தத் தைரியம் ஒமக்கு வராது, வர வேண்டவும் வேண்டாம். கட்டுக்குள்ள நாத்தம், கசிவு, காய்ச்சல், விரல் மரத்துப் போறது, எதைக் கண்டாலும் அன்னைக்கே ஆசுபத்திரிக்குப் போற புத்தி இருந்தாப் போதும். கெண்டைக்கால் வீங்கி வலிச்சாலோ, மூச்சு வாங்கினாலோ விடியுத வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ரத்தம் உறைஞ்சு நுரையீரலுக்கு ஏறுத சங்கதியா இருக்கும்.

'எப்ப நடப்பேன்'னு வாரவுககிட்ட எல்லாம் கேக்கீராம். பாகு பதம் வாறதுக்கு முந்திச் சிரட்டையில ஊத்தினா கருப்பட்டி இறுகுமா? எலும்புக்கும் பதம் உண்டு. சில முறிவுக்குச் சீக்கிரமே ஊனச் சொல்லுவாவ, சிலதுக்கு ஆறு வாரம் தரையே தொடக்கூடாது. எக்ஸ்ரே பாத்து டாக்டரு சொல்லணும், எதுத்த வீட்டு அத்தை சொல்லப்படாது.

பதம் வந்த பொறவும் கட்டிலை விடாத ஆளு ஒருத்தன் உண்டு. அவனும் நீருதான்! காலை அசைக்கலாம்னு சொன்னதும், கட்டைவிரலைப் பேனாவா வச்சுக் காத்துல அ, ஆ எழுதும். 247 எழுத்தும் எழுதும். பள்ளிக்கூடத்துல கையால எழுதாததைக் காலாலயாவது எழுதும். இயன்முறை மருத்துவருகிட்டப் போக வண்டி இல்லைன்னு சாக்கு வேண்டாம். 2021 ஆகஸ்டுல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வாராவ, ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளும். கம்பு ஊனுத நாள் வந்தா, அது நல்ல கால் பக்கத்துக் கையில இருக்கணும். படி ஏறுதப்ப நல்ல காலு முந்தி, இறங்குதப்ப ஒடஞ்ச காலு முந்தி. பைக்குச் சாவியை அக்கா ஒளிச்சு வச்சது சரிதான். பின் பிரேக்கு ஒம்ம ஒடஞ்ச வலது காலுக்குல்லா இருக்கு!

குலசை தசராவுக்குக் காளி வேஷம் நேர்ந்திருக்கீராமே? முத்தாரம்மன் கோவிச்சுக்கிட மாட்டா, அடுத்த வருசம் ஆடலாம். அவசரம்னா ஔவையார் வேஷம் கட்டும், கம்புச் செலவு மிச்சம்.

அடுத்த தரம் ஆசுபத்திரிக்குப் போறப்ப ஒத்தைக் கேள்வி கேளும்: 'எப்ப, எவ்வளவு பாரம் ஊனலாம்?' அவரு சொன்ன நாளைக்கு முந்தி ஊனினா ஆணிக்குக் கேடு, பிந்திப் படுத்துக் கெடந்தா மூட்டுக்குக் கேடு. எலும்பைச் சேத்து வச்சது டாக்டரு, நடக்க வேண்டியது நீருதான்.