நீங்க இருக்கீங்கன்னு தைரியம்

சொந்தத்தில் கல்யாணம் என்றால் பத்திரிகைக்கு முன்னால் என் கைக்கு வந்துவிடுவது மண்டபத்து ஸ்டோர் ரூம் சாவி. "இவன்கிட்ட கொடுத்தா கவலையில்ல" என்று சித்தப்பா எப்போதோ ஒரு கல்யாணத்தில் சொல்லிவைத்தார். அதற்கப்புறம் எந்தத் தாலிகட்டையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. கெட்டிமேளம் காதில் விழும். அரிசி மூட்டை இருக்கும் திசையில் அட்சதையைப் போட்டுக்கொள்வேன். சமையல் மாஸ்டரின் ஆளும் சரியாக அந்த நேரத்தில்தான் வருவான்: "அண்ணே, நெய் டின் இன்னொண்ணு!" கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பேன். ஆல்பங்களில் என் முகம் கிடையாது. ஒரே ஒரு வீடியோவில் வாழைத்தாருக்குப் பின்னால் ஒரு கை தெரிகிறது. வாட்சை வைத்துச் சொல்கிறேன், என்னுடையதுதான்.

ஆபீசிலும் இதே கதை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் சிரித்துக்கொண்டே என் மேஜைப் பக்கம் வந்தால், "நீங்க இருக்கீங்கன்னு தைரியம்" என்பார். தைரியம் அவருக்கு, சனிக்கிழமை எனக்கு.

இந்த வியாதியில் நாடறிந்த நோயாளி ராகுல் டிராவிட். 1996இல் லார்ட்ஸில் முதல் டெஸ்ட், 95 அடித்தார். கூடவே அறிமுகமான கங்குலி 131 அடித்துவிட்டார்; ஊர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. 2001இல் ஈடன் கார்டனில் ஃபாலோ ஆன் வாங்கிய பிறகு 180. நாம் இன்றைக்கும் பேசுவது லட்சுமணின் 281. 2006இல் லாகூரில் 410 ரன் ஓப்பனிங் கூட்டணி. அதில் ஷேவாக் 254. மனிதர் ஆயுள் முழுக்க மாப்பிள்ளைத் தோழன்! இத்தனைக்கும் அவர் ஓப்பனர் இல்லை, ஆள் தேவைப்பட்டது, இறங்கினார். விக்கெட் கீப்பரும் இல்லை. டீமில் கூடுதலாக ஒரு பேட்ஸ்மேன் வேண்டும் என்று கிளவுஸைக் கையில் கொடுத்தார்கள். 2003 உலகக் கோப்பை முழுக்கக் குனிந்து குனிந்து எழுந்தார்.

உச்சம் 2011 ஓவல் டெஸ்ட். காம்பீருக்கு அடிபட்டதால் மறுபடியும் ஓப்பனர். எதிர்முனையில் ஒவ்வொருவராக வந்து போக, இவர் மட்டும் கடைசிவரை அவுட்டாகாமல் 146. இந்தியா 300க்குச் சுருண்டது, ஃபாலோ ஆன். வியர்வை காய்வதற்குள் அதே ஆள் அதே பேடோடு திரும்ப ஓப்பனிங் இறங்கினார். டிவியில் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "பாவம், வேற ஆளே இல்லையா?" என்றாள். இருந்தார்கள். இவர் இருக்கும்போது அவர்களைத் தொந்தரவு பண்ணுவானேன்! டெஸ்டில் 31,258 பந்துகளைச் சந்தித்திருக்கிறார்; உலகத்தில் வேறு எவரும் அவ்வளவு ஆடியதில்லை. அத்தனை தடவை யாரோ அவரிடம் "நீங்க இருக்கீங்கன்னு தைரியம்" என்று சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

எதிர்க்கட்சிக்கு என் மச்சான். எட்டு மணிக்கு வரச் சொன்னால் பதினொன்றுக்கு வருவார். "வந்துட்டாருய்யா!" என்று பந்தியில் பாதிப் பேர் எச்சில் கையோடு எழுந்து நிற்பார்கள். நான் ஐந்து நிமிஷம் பிந்தினால் பெரியம்மா போன் போட்டு, "ஏன்டா, உடம்புக்கு முடியலையா?" என்பார்.

ஆனால் ஒரு ராத்திரி மச்சானுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. எழுந்து நிற்கும் அந்தக் கூட்டத்தில் ஒருவரையும் அவர் கூப்பிடவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார், நானும் முதல் மணியிலேயே எடுத்தேன். டாக்டர் ஈசிஜி எல்லாம் பார்த்துவிட்டு வாயு என்றார். விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மனிதர் நிம்மதியாகக் குறட்டை விட்டார். அந்தக் குறட்டை எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அடுத்த மாதம் எங்கள் சின்னவளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். "எட்டு மணிக்கு டாண்ணு வந்துடுவேன் மாப்ளே, சத்தியம்" என்று சொல்லியிருக்கிறார் மச்சான். நான் ஆசாரியைப் பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.